யூதாஸ் தன் மனக்குறையை யாரிடம் கொண்டுபோனான்?

ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கூடவே நடந்து, கூடவே உண்டு, அற்புதங்களைக் கண்ணால் கண்ட ஒரு சீஷன் தன் குருவாகிய இயேசுவையே ஏன் காட்டிக்கொடுத்தான், அதற்குக் காரணம் பணத்தாசையா, மனமுறிவா, அல்லது எல்லாம் முன்னமே குறிக்கப்பட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்று ஓர் ஆன்மிக வழிகாட்டியின்மேல் நம்பிக்கை இழந்தவர்களைப் புரிந்துகொள்ள யூதாஸின் கதை உதவுமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. அதற்குப் பதில் சொல்ல மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்பதால் அதைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கு என் பதிலை இப்போதே சொல்லிவிடலாம். எதிர்பார்ப்பு பொய்த்துப்போன வருத்தம் இயேசுவின் நெருங்கிய சீஷர் பன்னிருவருக்கும் இருந்தது. மற்றவர்கள் அந்த வருத்தத்தைக் குருவிடமே கொட்டினார்கள், சில சமயம் முட்டாள்தனமாகக்கூட. யூதாஸ் அதை உள்ளே பூட்டிவைத்து, கடைசியில் குருவின் பகைவரிடம் கொண்டுபோனான். சுவிசேஷங்கள் அவனைப்பற்றிச் சொல்லும் கொஞ்சச் செய்திகளையும் சேர்த்து வாசித்தால் எனக்குப் புலப்படுவது இதுதான்.

கொஞ்சச் செய்திகள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நான்கு சுவிசேஷங்களில் முதலில் எழுதப்பட்டது என்று பெரும்பாலான அறிஞர் கருதும் மாற்கு, காரணம் எதையுமே சொல்வதில்லை. பன்னிருவரில் ஒருவன் யூத ஆலயத்தின் தலைவர்களான பிரதான ஆசாரியரிடத்திற்குப் போனான், அவர்கள் சந்தோஷப்பட்டு அவனுக்குப் பணம் கொடுப்பதாக வாக்களித்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார் (14:10-11). அங்கே பணப்பேச்சு, அவன் வந்த பிறகுதான் எழுகிறது. மத்தேயுவில் அவனே முந்திக்கொண்டு, “நீங்கள் எனக்கு என்ன கொடுக்கிறீர்கள்” என்று கேட்கிறான், முப்பது வெள்ளிக்காசு பேசி முடிக்கப்படுகிறது. லூக்கா, சாத்தான் அவனுக்குள் புகுந்தான் என்கிறார். யோவான் பிசாசின் தூண்டுதலையும் சொல்லி, பணப்பை அவனிடம் இருந்தது, அதிலிருந்து அவன் திருடினான் என்பதையும் சொல்கிறார். நால்வரும் நான்கு இடத்தில் விரல் வைக்கிறார்கள். ஒரே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைக்கும் வாசகன் மற்ற மூவரின் வார்த்தையைத் தள்ளிவிட்டே அப்படி நினைக்க முடியும்.

பணத்தை மட்டும் காரணமாகக் கொள்வதில் ஒரு கணக்குச் சிக்கலும் இருக்கிறது. பெத்தானியாவில் ஒரு பெண் இயேசுவின்மேல் ஊற்றிய தைலத்தின் மதிப்பை யூதாஸே முந்நூறு பணம் என்று சொல்கிறான். தமிழ் வேதாகமம் பணம் என்று சொல்லும் தெனாரியம் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம் என்பது திராட்சத்தோட்ட உவமையிலிருந்து தெரிகிறது. ஆகவே அந்தத் தைலம் ஏறக்குறைய ஓராண்டு உழைப்பின் விலை. முப்பது வெள்ளிக்காசைச் சேக்கல் எடையுள்ள காசுகளாகக் கொண்டால், ஒன்றுக்கு நான்கு தெனாரியம் வீதம் 120 தெனாரியம், அதாவது நான்கு மாதக் கூலி. தைலத்தின் விலையில் பாதிகூட இல்லை. யாத்திராகமம் 21:32-இல், மாடு முட்டிச் செத்த அடிமைக்காக அவன் எஜமானுக்குக் கொடுக்க வேண்டிய ஈடும் இதே முப்பது. பணப்பையையே கையில் வைத்திருந்து, யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்தவன், வருமானம் வரும் வழியையே ஒரே நாளில் இவ்வளவு குறைந்த விலைக்கு விற்றான் என்றால், அவனை வெறும் பேராசைக்காரன் என்று சொல்வது பேராசைக்காரர்களுக்கே அவமானம். அதற்காக யோவானின் சாட்சியத்தைத் தள்ள வேண்டியதில்லை. நான் ஊகிப்பது இது: தான் விட்டுவந்தவற்றுக்கு எந்த ஈடும் வரப்போவதில்லை என்று முடிவுகட்டிய ஒருவன் தனக்குத் தானே கூலி கொடுத்துக்கொள்ளத் தொடங்குவான். அப்படிப் பார்த்தால் திருட்டு, உள்ளே ஏற்கெனவே நடந்துவிட்ட பிரிவின் அறிகுறி.

இனி, மனமுறிவைப்பற்றிய விளக்கம். ரோமரின் ஆட்சியில் வாழ்ந்த யூதர் பலர், கடவுள் அனுப்பும் மீட்பரான மேசியா வந்து தாவீது ராஜாவின் அரியணையை மீண்டும் நிறுவுவார் என்று காத்திருந்தார்கள். யூதாஸும் அப்படிக் காத்திருந்தான், இயேசு அந்த வழியில் போகமாட்டார் என்று தெரிந்ததும் கசந்துபோனான் என்பது இன்று பலரும் சொல்லும் விளக்கம். ஸ்காரியோத்து என்ற பெயரை வைத்து அவனை ‘சிக்காரி’ என்ற கத்தி ஏந்திய போராளிக் கூட்டத்தோடு இணைப்பவர்கள் உண்டு. ஆனால் யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியரின் எழுத்தில் அந்தக் கூட்டம் தலைகாட்டுவது கி.பி. 50-களில், இயேசுவின் மரணத்துக்கு இருபது ஆண்டுகள் கழித்து. யோசுவா 15:25 குறிப்பிடும் கீரியோத் என்ற ஊரைச் சேர்ந்தவன் என்ற பழைய விளக்கமே எனக்கு எளிதாகப் படுகிறது. இன்னும் சிலர், இயேசுவை நெருக்கடியில் தள்ளினால் அவர் தம் வல்லமையை வெளிப்படுத்தியே ஆகவேண்டியிருக்கும் என்று யூதாஸ் கணக்குப் போட்டான் என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து பலருக்கும் பிடித்துப்போன இந்த விளக்கம், அவனைப் பாதி வீரனாக்கிவிடுகிறது. வேதவசனத்தில் இதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை. குருவே கேட்டுக்கொண்டதால் யூதாஸ் அதைச் செய்தான் என்று சொல்லும் கொப்து மொழிச் சுவடி 2006-இல் வெளியானபோது பெரிய பரபரப்பு எழுந்தது. அப்படியொரு நூல் உண்டு என்பதை ஐரேனியு என்ற திருச்சபைத் தலைவர் கி.பி. 180 வாக்கிலேயே எழுதி மறுத்திருக்கிறார். அது, இரகசிய ஞானத்தால் மீட்பு என்று நம்பிய பிற்கால ஞானமார்க்க (நாஸ்டிக்) குழு ஒன்றின் சிந்தனையைக் காட்டுகிறதே தவிர, யூதாஸின் மனத்தைக் காட்டவில்லை.

மனமுறிவு இருந்திருக்கும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அது அவனுக்கு மட்டும் உரியதாக இல்லையே. பாடுபட வேண்டும் என்று இயேசு சொன்னதும் பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொண்டான். “எனக்குப் பின்னாகப்போ, சாத்தானே” என்று முகத்துக்கு நேரே வாங்கிக்கட்டிக்கொண்டான். செபெதேயுவின் குமாரரான யாக்கோபும் யோவானும், எருசலேமை நோக்கிப் போகும் வழியிலேயே, வலப்பக்கத்து ஆசனமும் இடப்பக்கத்து ஆசனமும் தங்களுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். உயிர்த்தெழுந்த நாளில் எம்மா என்ற ஊருக்குப் போன சீஷர் இருவர் வழிப்போக்கரிடம் சொன்னது, இஸ்ரவேலை மீட்பவர் அவரே என்று நம்பியிருந்தோம் என்பதுதான். நம்பியிருந்தோம் என்ற இறந்தகாலச் சொல்லில் எத்தனை கசப்பு இருக்கிறது! எதிர்பார்ப்பு உடைந்ததுதான் துரோகத்துக்குக் காரணம் என்றால் பன்னிரண்டு யூதாஸ்கள் இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால் எங்கே வழி பிரிந்தது? யோவான் 6-ஆம் அதிகாரத்தை நான் அடிக்கடி திரும்பிப் போய் வாசிப்பது இதற்காகத்தான். ஐயாயிரம்பேர் உண்ட பிறகு ஜனங்கள் இயேசுவைப் பிடித்து ராஜாவாக்க நினைக்கிறார்கள்; அவர் விலகி மலைக்குப் போய்விடுகிறார். மறுநாள் கப்பர்நகூமில், தம் மாம்சத்தைப் புசிக்க வேண்டும் என்று போதிக்கிறார். இது கடினமான உபதேசம், யார் இதைக் கேட்பார்கள் என்று முறுமுறுத்து அநேக சீஷர் அன்றே அவரை விட்டுப் போய்விடுகிறார்கள். போனவர்களை அவர் சபிக்கவில்லை, தடுக்கவுமில்லை. பன்னிருவரைத் திரும்பிப் பார்த்து, “நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ” என்று கேட்கிறார். கதவு அகலத் திறந்திருக்கிறது. பேதுரு, யாரிடத்தில் போவோம் என்கிறான். யூதாஸ் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போகவுமில்லை. உங்களுக்குள்ளும் ஒருவன் பிசாசாயிருக்கிறான் என்ற திடுக்கிடும் வார்த்தையை இயேசு சொல்வது இந்த இடத்தில்தான். அவர் சொன்னது ஸ்காரியோத்தின் யூதாஸை என்று யோவான் உடனே விளக்கமும் தருகிறார். அப்போது யூதரின் ஆண்டுப் பண்டிகையான பஸ்கா சமீபமாயிருந்தது என்றும் அதே அதிகாரம் கூறுகிறது. ஆகவே யோவானின் கணக்குப்படி, கடைசிப் பஸ்காவுக்கு ஓராண்டாவது முன்னால் நடந்தது இது. ஓராண்டு காலம் ஒருவன் மனத்தளவில் போய்விட்டு, கால்களால் பின்தொடர்ந்திருக்கிறான்.

அன்று விட்டுப் போன அநேகர் யாரும் காட்டிக்கொடுத்ததாக வேதம் சொல்லவில்லை. பிற்காலத்தில், இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துத் தன்னைப் பிரிந்து போனான் என்று அப்போஸ்தலன் பவுல் வருத்தத்தோடு குறிப்பிடும் தேமாவைக்கூட யாரும் துரோகி என்று சொல்வதில்லை. விட்டுப் போவதில் ஒருவித நேர்மை இருக்கிறது. நம்பிக்கை போன பிறகும் பொறுப்பில் நீடிப்பது, பணப்பையைச் சுமப்பது, மற்றவர்களோடு சேர்ந்து ஊழியத்துக்குப் போய்வருவது ஆகிய எல்லாமே ஒரு நடிப்பாகும்போது, நடிக்கிறவன் தன் நடிப்புக்குக் காரணமானவரையே நாளுக்கு நாள் அதிகமாக வெறுக்கத் தொடங்குகிறான். யூதாஸ் ஏன் போகவில்லை என்பதற்கு வேதத்தில் பதில் இல்லை. பதவியை விட மனமில்லாமல் இருந்திருக்கலாம்; மூன்று ஆண்டுகளை வீணாக்கிவிட்டேன் என்று தனக்குத் தானே ஒப்புக்கொள்ள முடியாமலும் இருந்திருக்கலாம்.

பேதுருவும் யூதாஸும் கேட்ட ஒரே கேள்வியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். “நாங்கள் எல்லாவற்றையும் விட்டு, உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்” என்று மத்தேயு 19-இல் பேதுரு கேட்கிறான். “எனக்கு என்ன கொடுக்கிறீர்கள்” என்று மத்தேயு 26-இல் யூதாஸ் கேட்கிறான். இரண்டும் கணக்குப் பார்க்கும் மனிதனின் கேள்விகளே. பேதுருவின் கேள்வியில் பரிசுத்தம் கூடுதலாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பேதுரு அதை இயேசுவிடம் கேட்டான். அவரும் கோபிக்காமல் பதில் சொன்னார். யூதாஸ் அதைப் பிரதான ஆசாரியரிடம் கேட்டான். அவர்களும் பதில் சொன்னார்கள், எடைபோட்டு.

இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான் ஸ்நானகன் சிறையிலிருந்து, வருகிறவர் நீர்தானா, வேறொருவர் வரக் காத்திருக்க வேண்டுமா என்று ஆளனுப்பிக் கேட்டதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவ வாசிப்பில் அவன் சந்தேகப்பட்டதை மூடிமறைக்கப் பார்த்தவர்கள் உண்டு, அதற்கு அவசியமேயில்லை. தான் யாரைச் சந்தேகப்பட்டானோ அவரிடமே அந்தச் சந்தேகத்தை அனுப்பிவைத்தான் அவன். சுவிசேஷங்களில் யூதாஸ் பேசிய வாக்கியங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் அவன் இயேசுவிடம் கேட்ட கேள்வி என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்ன கடைசிப் பந்தியில், “ரபீ (போதகரே), நானோ”. அதுவும் பதில் தெரிந்தே கேட்ட கேள்வி. மற்றவர்கள் அதே கேள்வியை “ஆண்டவரே, நானோ” என்று கேட்டார்கள் என மத்தேயு எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். யூதாஸின் வாயில் இயேசு எப்போதும் ரபீ மட்டும்தான். பிடிக்க வந்தவர்களுக்கு அடையாளம் காட்டத் தோட்டத்தில் முத்தமிடும்போதும் “ரபீ, வாழ்க” என்றே சொல்கிறான். மரியாதை குறையாத அழைப்புதான் அது. இயேசுவே பேசி, சீஷர் ஆளுக்கொன்றாகக் கேள்வி கேட்கும் யோவான் 14-இல், யூதா என்ற பெயர் வரும் இடத்தில், ஸ்காரியோத்தல்லாத யூதா என்று சுவிசேஷகர் கவனமாகப் பிரித்துக் காட்டுகிறார். கேள்வி கேட்டவன் வேறு யூதா. கேட்காதவன் அதற்குள் இராத்திரிக்குள் போய்விட்டான்.

உடைந்த கணம் எது என்று கேட்டால், பெத்தானியா என்பேன். மாற்கும் மத்தேயுவும் தைலம் ஊற்றப்பட்ட நிகழ்ச்சியைச் சொல்லி முடித்த உடனேயே, யூதாஸ் ஆசாரியரிடம் போனதைச் சொல்கிறார்கள். இங்கேயும் முறுமுறுப்பு அவனுடையது மட்டுமல்ல: மாற்கில் சிலர் விசனமடைகிறார்கள், மத்தேயுவில் சீஷர்களே விசனமடைகிறார்கள், யோவானில்தான் யூதாஸின் பெயர் வருகிறது. தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்ற வாதம் நியாயமாகவும் ஒலிக்கிறது. இயேசுவோ, இந்தப் பெண் என் அடக்கத்துக்கு ஆயத்தமாக இதைச் செய்தாள் என்கிறார். ராஜாவாக முடிசூட்டப்பட வேண்டிய தலையில் ஊற்றப்பட்ட எண்ணெயைப் பிரேதத்துக்குப் பூசும் எண்ணெயாக அவரே ஏற்றுக்கொள்கிறார். இன்னும் ஏதாவது மாறும் என்று மனத்தின் ஒரு மூலையில் காத்திருந்தவனுக்கு, அந்த ஒரு வாக்கியத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். 20-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் கார்ல் பார்த் இந்தக் காட்சியை நெடுநேரம் ஆராய்ந்து சொல்வதன் சாரம்: யூதாஸ் இயேசுவுக்குத் தன்னைக் கொடுக்க மறுக்கவில்லை, கொடுத்தது எதற்குப் பயன்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். கணக்கே பார்க்காமல் ஊற்றிய அந்தப் பெண்ணின் கை அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்ததில் வியப்பில்லை.

கசப்பு விலகலாக மட்டும் முடியாமல் ஏன் காட்டிக்கொடுத்தலாக முற்றுகிறது என்பதே உங்கள் கேள்வியின் கடினமான பகுதி. குருவை நேசிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, குருவைப்பற்றி நாம் வரைந்துகொண்ட சித்திரத்தை நேசிப்பது எல்லாருக்கும் நேர்வது. குரு அந்தச் சித்திரத்துக்குள் அடங்க மறுக்கும்போது, ஏமாற்றப்பட்டவன் நானே என்ற உணர்வு பிறக்கிறது. என் இளமையையும் நம்பிக்கையையும் வாங்கிக்கொண்டு அவர்தான் எனக்குத் துரோகம் செய்தார் என்று தோன்றுகிறது. காட்டிக்கொடுப்பவன் தன் கண்ணில் முதலில் காட்டிக்கொடுக்கப்பட்டவன். அதன்பின் விலகிப் போனால் மட்டும் போதாது. அந்த மனிதர் எல்லார் முன்னும் விழுந்தால்தான், நான் ஏமாந்தது என் தவறல்ல என்று நிரூபணமாகும். ஜெர்மனியில் நாசி ஆட்சியின்போது இரகசிய இறையியல் பயிற்சியகம் ஒன்றை நடத்திய தீத்ரிக் போன்ஹோஃபர், கிறிஸ்தவச் சமூகத்தைவிட அதைப்பற்றிய தன் கனவை அதிகமாக நேசிப்பவன் அந்தச் சமூகத்தை அழிப்பவனாகிவிடுகிறான் என்று எழுதினார். கனவு சீக்கிரமாக உடைவது கடவுளின் கிருபை என்றும் அவர் கருதினார். யூதாஸின் கனவு உடைந்தது. உடைந்த துண்டுகளை அவன் கிருபையாக ஏற்கவில்லை.

முதல் நூற்றாண்டுகளின் விவாதங்களிலும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. தன் சீஷனாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டவர் எப்படித் தெய்வமாக இருக்க முடியும், ஒரு கொள்ளைக் கூட்டத் தலைவன்கூடத் தன் ஆட்களின் விசுவாசத்தைக் காத்துக்கொள்கிறானே என்று கெல்சு என்ற கிரேக்க அறிஞர் 2-ஆம் நூற்றாண்டில் கேலி செய்தார். 3-ஆம் நூற்றாண்டில் பதில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஓரிகேன், இருபது ஆண்டுகள் பிளேட்டோவிடம் கேட்டபின் அரிஸ்டாட்டில் விலகிப்போய் அவருடைய கொள்கைகளைத் தாக்கியதற்காகப் பிளேட்டோ தாழ்ந்துவிட்டாரா என்று திருப்பிக் கேட்டார். பதிலடி சாமர்த்தியமானதுதான், ஆனால் எனக்கு முழுத் திருப்தி இல்லை: அரிஸ்டாட்டில் வெளிப்படையாக மறுத்தார், யூதாஸ் முத்தமிட்டான். ஓரிகேனின் இன்னொரு கருத்து ஆழமானது. காசைத் திருப்பி எறிந்தவனின் மனத்தில் குருவின் போதனை இன்னும் கொஞ்சம் உயிரோடு இருந்திருக்கிறது, முற்றிலும் கெட்டவன் அப்படி வருந்தியிருக்க மாட்டான் என்கிறார் அவர்.

சாத்தான் புகுந்தான் என்ற வாக்கியத்தையும், வேதவாக்கியம் நிறைவேற வேண்டியிருந்தது என்பதையும் வைத்து, அவனுக்கு வேறு வழியே இல்லை என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், சுவிசேஷங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கின்றன: மனுஷகுமாரன் எழுதியிருக்கிறபடியே போகிறார், ஆனாலும் காட்டிக்கொடுக்கிற மனுஷனுக்கு ஐயோ. கிரேக்க மூலத்தில் காட்டிக்கொடுத்தலுக்கு வரும் வினைச்சொல்லே, தம் சொந்தக் குமாரனை நமக்காக ஒப்புக்கொடுத்த தேவனைப்பற்றி ரோமர் 8:32-இலும் வருகிறது. யூதாஸ் ஆசாரியரிடமும், ஆசாரியர் ரோம ஆளுநர் பிலாத்துவிடமும், பிலாத்து போர்ச்சேவகரிடமும் கைமாற்றியதற்கும் அதே சொல்தான். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இடத்துக்கேற்பக் காட்டிக்கொடு என்றும் ஒப்புக்கொடு என்றும் பிரித்திருக்கிறார்கள். அர்த்தம் தெளிவாகிறது, ஆனால் மூலத்தில் உள்ள அந்த விபரீதமான ஒற்றுமை மறைந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், ஆளை அடையாளம் காட்டியும், கொடுத்தும் விட்ட யூதாஸின் செயலுக்குத் தமிழ்ச் சொல் கிரேக்கச் சொல்லைவிட நன்றாகப் பொருந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். யூதாஸின் கதையை இன்றைய குரு–சீடர் உறவுகளின்மேல் அப்படியே பொருத்துவது ஆபத்தானது. அந்தக் கதையில் குரு குற்றமற்றவர். காட்டிக்கொடுத்தவனே, குற்றமில்லாத இரத்தம் என்று சாட்சி சொல்கிறான். நம் போதகர்களும் ஆன்மிக வழிகாட்டிகளும் இயேசு அல்ல. பணத்தையோ அதிகாரத்தையோ உடலையோ சுரண்டிய ஒரு தலைவரின் செயலை வெளியே சொன்னவர்களை யூதாஸ் என்று முத்திரை குத்தி வாயடைக்கும் வழக்கம் சபைகளில் இருக்கிறது. அது வேதத்தைக் கேடயமாக்கி அக்கிரமத்தைக் காப்பது. பாவம் செய்கிற மூப்பரை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது, தான் அவனோடு முகமுகமாய் எதிர்த்து நின்றதாகக் கலாத்தியர் 2:11-இல் சொல்கிறார். யாரும் பவுலைத் துரோகி என்று சொல்வதில்லை.

இதற்குச் சரியான ஒப்பீடு பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. இஸ்ரவேலின் ராஜா தாவீது பத்சேபாளை அபகரித்து, அவள் கணவனைக் கொல்லவும் செய்தான். அந்தக் குற்றத்தை அறிந்த இருவரை எடுத்துக்கொள்வோம். தீர்க்கதரிசி நாத்தான் அரண்மனைக்குப் போய், “நீயே அந்த மனுஷன்” என்று ராஜாவின் முகத்துக்கு நேராகச் சொன்னான். அகித்தோப்பேல் தாவீதின் ஆலோசகன். இரண்டாம் சாமுவேலின் இரண்டு வம்சக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்து, அவன் பத்சேபாளின் பாட்டனாயிருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். அது சரியானால் அவனுக்கு நியாயமான கோபம் இருந்தது. ஆனால் அவன் ஒன்றும் சொன்னதாகக் காணவில்லை. ஆண்டுக்கணக்கில் ராஜாவுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டே இருந்து, தாவீதின் மகன் அப்சலோம் கலகம் செய்த நாளில் பகைவனோடு சேர்ந்து, இன்று இரவே தாவீதை வெட்டிவிடுகிறேன் என்று முன்வந்தான். அவனுடைய ஆலோசனை தள்ளப்பட்டதும் வீட்டுக்குப் போய் நான்றுகொண்டு செத்தான். என் அப்பம் புசித்தவனே என்மேல் குதிகாலைத் தூக்கினான் என்ற 41-ஆம் சங்கீதத்தின் வார்த்தை அவனைக் குறிப்பதாகப் பழைய வாசிப்பு சொல்கிறது. அதே வார்த்தையைத்தான் இயேசு கடைசிப் பந்தியில் யூதாஸைக் குறித்து எடுத்துச் சொல்கிறார். ஒரே ராஜா, ஒரே குற்றம். நாத்தானும் அகித்தோப்பேலும் அதைக் கொண்டுபோன திசை வேறு.

இந்தக் கதையின் தவறான பயன்பாடுகளைப்பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் விட முடியாது. யூதாஸ் என்ற பெயரின் ஒலியைப் பிடித்துக்கொண்டு, அவனை யூத இனத்தின் உருவகமாக்கிப் பகை வளர்த்த வெட்கக்கேடு கிறிஸ்தவ வரலாற்றில் நீண்ட காலம் இருந்தது. இயேசுவும் பன்னிருவரும் எல்லாரும் யூதரே. அவருடைய மரணத்தின் பழியை யூத மக்கள் அனைவர்மேலும் சுமத்தக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 1965-இல் வெளிப்படையாக அறிவித்தது. மிகத் தாமதமான அறிவிப்பு.

இனி, குரு என்ன செய்தார் என்பதைப் பார்க்காமல் சீஷனின் துரோகத்தைப் புரிந்துகொள்ள முடியாது. இயேசு அவன் கால்களையும் கழுவினார். துணிக்கையைத் தோய்த்து அவனுக்குக் கொடுத்தார். மற்றவர்களுக்கு அவனை அம்பலப்படுத்தவில்லை; அவன் எழுந்து போனபோதுகூட, பண்டிகைக்கு ஏதாவது வாங்கவோ தரித்திரருக்கு ஏதாவது கொடுக்கவோ போகிறான் என்றே சிலர் நினைத்தார்கள். பழங்காலத் திருச்சபையின் பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தோம் தம் பிரசங்கங்களில் இந்தப் பொறுமையை வியந்து வியந்து பேசுகிறார். தோட்டத்தில் முத்தமிட்டவனை “சிநேகிதனே” என்று அழைத்து, என்னத்திற்காக வந்திருக்கிறாய் என்று கேட்டதாக மத்தேயு எழுதுகிறார். கேலியாகச் சொன்னார் என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஓராண்டாக அவன் கேட்காமல் விட்டதைக் கேட்க, அந்த நேரத்திலும் ஒரு வாய்ப்பு அந்தக் கேள்விக்குள் இருந்தது.

மறுநாள் காலையில் இயேசுவுக்குத் தண்டனை தீர்க்கப்பட்டதைக் கண்டு யூதாஸ் மனஸ்தாபப்பட்டான் என்று மத்தேயு கூறுகிறார். பேச்சுத் தமிழில் மனஸ்தாபம் என்பது இன்று இருவருக்கிடையே உண்டான கசப்பைக் குறிக்கிறது. வேதாகமத் தமிழில் அது உள்ளத்தின் வேதனை. அவனுக்கு இரண்டும் பொருந்தும். தன் குற்றத்தை அவன் மறைக்கவில்லை, குறைத்துச் சொல்லவில்லை, காசை வைத்துக்கொள்ளவுமில்லை. பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். இரக்கம் உண்டு என்று நம்ப மறுத்ததால் குணமாக்கும் மனந்திரும்புதலுக்கு அவன் தனக்கே இடமில்லாமல் செய்துகொண்டான் என்று திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் எழுதினார். அந்த அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கு மத்தேயுவின் வசனமே விடை தருவதாக நினைக்கிறேன். தன் குறையைக் கொண்டுபோன அதே வாசலுக்கே தன் வருத்தத்தையும் அவன் கொண்டுபோனான். அங்கே இருந்தவர்கள் அவனுக்குச் சொன்னது, “எங்களுக்கென்ன, அது உன்பாடு”. அவன் காசை தேவாலயத்தில் எறிந்துவிட்டு நான்றுகொள்ளப் போனான். அதே காலையில், அதே நகரத்தில், இயேசு கட்டப்பட்டவராய்ப் பிலாத்துவுக்கு முன் நின்றுகொண்டிருந்தார், இன்னும் உயிரோடிருந்தார்.